கார்டில் எத்தனை படம் பிடிக்கும்?

முந்தலில் ஒருவர் புதிதாகக் கமரா வாங்கினால் அது முதலில் எங்கெங்கே போகும் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். விடியற்காலையில் களப்போரம், நீர்ப்பறவை பார்க்க. ஆடி பிறந்தால் உடப்புக்கு, திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு. நவம்பர் வந்தால் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பிக் கற்பிட்டிக்கு, டொல்பின் பார்க்க. கமராவை நாலு பேரிடம் விசாரித்துத்தான் வாங்கியிருப்பார். மெமரி கார்ட் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். “64 ஜீபி போதுமா?” “போதும், போதும்.” எதற்குப் போதும் என்று இருவரும் பேசிக்கொள்வதில்லை. தேத்தண்ணி இன்னும் ஆறவில்லை; அதை நாம் கொஞ்சம் பேசிப் பார்ப்போம்.

கார்டைக் கையில் எடுத்ததும் எல்லாரும் கேட்பது, “இதில் எத்தனை படம் பிடிக்கும்?” பிலிம் சுருள் காலத்தில் இது சரியான கேள்வி. 36 படச் சுருள் என்றால் 36 படம். கடைசியில் ஒன்றிரண்டு கூடக் கிடைத்தால் அதிர்ஷ்டம். வானத்தை எடுத்தாலும் வள்ளத்தை எடுத்தாலும் ஒரு கட்டம்தான் செலவு. கார்டில் அப்படிக் கட்டம் பிரித்து வைத்திருக்கவில்லை. உள்ளே இருப்பது வெறும் இடம். ஒவ்வொரு படமும் தனக்கு வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவைக்கும். ஒரே கமரா, ஒரே செட்டிங், ஒரே நிமிடம். ஒரு படம் 6 மெகாபைட், அடுத்தது 14 மெகாபைட் என்று வரலாம்.

நம்பிக்கை வராவிட்டால் களப்போரம் போய்ப் பார்க்கலாம். கமராத் திரையின் மூலையில், இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று ஓர் எண் நிற்கும். மேகமில்லாத வானத்தை மட்டும் வைத்து ஒரு படம் எடுங்கள். பல கமராக்களில் அந்த எண் அசையாது. அடுத்து கண்டல் மரக் கூட்டத்தைச் சட்டம் நிறைய வைத்து எடுங்கள். இப்போது ஒன்று குறையும், சில வேளை இரண்டும் குறையும். கமராவில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்த எண் ஒரு மதிப்பீடு மட்டுமே. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் மிச்ச இடத்தைப் பார்த்துக் கமரா திரும்பவும் கணக்குப் போடுகிறது.

ஏன் இப்படி? 24 மெகாபிக்சல் கமரா ஒரு படத்தில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகளைப் பதிகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் வைத்தால் 72 மெகாபைட் வரவேண்டும். ஆனால் கார்டில் இருக்கும் ஜேபெக் படம் சுமாராக 10 மெகாபைட்தான். மிச்சம் எங்கே போனது? உடப்பில் நிற்கும் நீங்கள், வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்கு முன்னால் தெரிவதை டெலிபோனில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கடலும் வானமும் மட்டும் என்றால், “மேலே முழுக்க நீலம், கீழே கொஞ்சம் கருநீலம்” என்று முடித்துவிடுவீர்கள். கரைவலை இழுத்து முடிந்த கடற்கரை என்றால் வலை, மீன், கூடை, ஆட்கள், காகம் என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். ஜேபெக் செய்வதும் இதுதான். ஒரேமாதிரி இருக்கும் பரப்பைச் சுருக்கமாக எழுதும், விவரம் கூடினால் விரிவாக எழுதும், கண்ணுக்குப் படாத நுணுக்கங்களை விட்டும் விடும்.

இருட்டு இன்னொரு சங்கதி. தீக்குழி அருகே வெளிச்சம் மங்கும் நேரத்தில் எடுக்கும் படத்தில் பாதி கறுப்பாகவே இருக்கும், ஆகவே குறைந்த இடம்தான் பிடிக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. வெளிச்சம் போதாமல் கமரா ஐஎஸ்ஓவைக் கூட்டும், அதாவது கிடைத்த சிறிய சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டும். அப்போது கறுப்புக்குள் மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழும். நமக்கு அது குறை. ஜேபெக்குக்கு அதுவும் எழுதவேண்டிய விவரம். உச்சிவெயில் உப்பளப் படத்தைவிட இரவுத் திருவிழாப் படம் பெரிதாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இனி ‘ரோ’ ஃபைல். சென்சர் கண்டதைக் கமரா திருத்தாமல் வைப்பது அது. பிறகு கணினியில் வெளிச்சத்தையும் நிறத்தையும் நாமே சரிசெய்யலாம். அதற்குக் கொடுக்கும் விலை இடம்தான்: 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ ஃபைல், சுருக்கிய பிறகும், 25 முதல் 30 மெகாபைட். 64 ஜீபி கார்டில் ஜேபெக் மட்டும் என்றால் சுமார் 6,000 படம், ரோ மட்டும் என்றால் 2,200 அளவில், இரண்டையும் சேர்த்து எடுத்தால் 1,600. கார்டு மாறவில்லை, மெனுவில் ஒரு வரிதான் மாறியது.

ஆனால் இடத்தை உண்மையில் தின்பது வீடியோ. பல கமராக்களின் 4கே வீடியோ வினாடிக்கு 100 மெகாபிட் எழுதும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்; ஆகவே வினாடிக்கு 12.5 மெகாபைட், நிமிடத்துக்கு 750, மணிக்கு 45 ஜீபி. தீமிதிப்பை ஒரு மணிநேரம் 4கேயில் எடுத்தவருக்கு 64 ஜீபியில் 19 ஜீபிதான் மிச்சம். பாதி வேகத்தில் எழுதும் ஃபுல் எச்டியில் எடுத்தால் செலவும் பாதி. பேஸ்புக்கில் போடத்தான் எடுக்கிறோம் என்றால் அதுவே தாராளம் என்பது என் எண்ணம்.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொள்வோம்: ஒரு நாளில் நான் எவ்வளவு எழுதுவேன்? வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றும்வரை தாங்கினால் போதும்தானே. கற்பிட்டிப் படகை எடுத்துக்கொள்வோம். சுழன்று தாவும் டொல்பினை எடுக்க வினாடிக்கு 10 படம், ஒரு தாவலுக்கு 3 வினாடி. ரோவும் ஜேபெக்கும் சேர்ந்து 40 மெகாபைட் வீதம் ஒரு தாவல் 1.2 ஜீபி. இருபது தாவலுக்கு 24 ஜீபி. சும்மா போன காலைப் பொழுதுக்கே இவ்வளவு. ஜேபெக் மட்டும் எடுப்பவருக்கு 64 ஜீபி நாள் முழுக்கப் போதும்; ரோ எடுப்பவர் 128க்குப் போகலாம்; 4கே வீடியோவும் எடுப்பவர் 128இல் இரண்டு வைத்திருக்கட்டும்.

ஒரேயடியாக 256 வாங்கினால் என்ன? வாங்கலாம், பிழை இல்லை. எனக்கு அதில் ஒரே தயக்கம்: இடம் நிறைய இருந்தால் நாம் கொப்பி எடுக்கமாட்டோம். போன வருஷத்து ஆடித் திருவிழாவும் இந்த வருஷத்ததும் ஒரே கார்டில் கிடக்கும், வேறு எங்கும் இருக்காது. கார்டுக்குள் படங்கள் மின்னூட்டமாக நிற்கின்றன. அது எடுத்துச் செல்ல நல்லது, வருஷக்கணக்கில் வைத்திருக்க நம்பத்தக்கதல்ல. உப்புக்காற்றும் களப்புத் தண்ணீரும் வேறு. இரண்டு கார்டாகப் பிரித்தால் இழந்தாலும் பாதியோடு போகும். என்றாலும் ஆடும் படகில் நின்று கார்ட் மாற்றாதீர்கள். 32 மில்லிமீட்டர் நீளத் தகடு அது. கைதவறினால் கடல் திருப்பித் தராது. ஏறுமுன்பே வெறுமையான கார்டைப் போட்டுக்கொள்ளலாம்.

பழைய கமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பனசொனிக், சன்டிஸ்க், தொஷிபா சேர்ந்து 1999இல் எஸ்டி கார்டை அறிவித்தன. தொடக்கத்தில் வந்தவை 32, 64 மெகாபைட் கார்டுகள். 64 மெகாபைட்டிலேயே இன்றைய படம் ஆறுதான் பிடிக்கும்! முதல் வகைக்கு உச்சம் 2 ஜீபி. 2006இல் வந்த எஸ்டிஎச்சிக்கு 32 ஜீபி, 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சிக்கு 2 டெராபைட். எஸ்டிஎச்சி வரை மட்டும் அறிந்த கமராவில் 64 ஜீபி கார்டைப் போட்டால் அதற்குப் படிக்கத் தெரியாமல் போகலாம். கமராவின் அடியில் அல்லது கார்ட் மூடியில் உள்ள எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்கவேண்டும். வேகம் தனிக் கதை: பெரிதாக அச்சிட்டிருப்பது அநேகமாகப் படிக்கும் உச்ச வேகம்; நமக்கு வேண்டியது எழுதும் வேகம். 4கேக்கு ‘வி30’ அடையாளம், அதாவது வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் உறுதி, போதுமானது.

புதுக் கார்டைக் கணினியில் செருகினால் 64க்குப் பதிலாக 59 என்று சொச்சத்தோடு காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது, பைட்டுகள் அதேதான். சண்டைக்குப் போகவேண்டிய இடம் வேறு. உள்ளே 16 ஜீபி மட்டும் வைத்து, 256 என்று கணினிக்குப் பொய் சொல்லும் போலிக் கார்டுகள் சந்தையில் உண்டு. அவை நிறைந்தது என்று சொல்லாமல் பழைய படங்களின் மேலேயே எழுதிக்கொண்டு போகும், அல்லது திறக்க முடியாத ஃபைல்களைத் தரும். விலை நம்பமுடியாத அளவு மலிவாக இருந்தால் வாங்கிய அன்றே பெரிய வீடியோக்களால் கார்டை விளிம்புவரை நிரப்பி, கணினியில் இருந்து கார்டைக் கழற்றித் திரும்பச் செருகி, முதலில் போட்டதையும் கடைசியில் போட்டதையும் ஓடவிட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் பில்லோடு அன்றைக்கே கடைக்குப் போகலாம்.