கோடையில் கறவை மாட்டின் வயிறு

சித்திரை பிறந்ததும் பாலில் கொழுப்புச் சத்துக் குறைகிறது; கூட்டுறவுச் சங்கத்தில் கிடைக்கும் விலையும் குறைகிறது. பாலைப் பரிசோதிப்பவர்மீது ஐயம் கொண்டு நம்மிடம் முறையிடுவோர் ஆண்டுதோறும் உண்டு. மாட்டின் வயிற்றையும் சற்று ஐயுறுதல் நலம்.

வைக்கோலை மாடு தானே செரிப்பதில்லை. நான்கறை வயிற்றின் முதல் அறையாகிய பெருவயிற்றில் வாழும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே நாரைச் சிதைத்துப் பாற்கொழுப்புக்கு மூலப்பொருள் அளிக்கின்றன. அவை மிகுந்த புளிப்பைத் தாங்கமாட்டா. அசை போடுகையில் ஊறும் உமிழ்நீரில் சமையல் சோடாவை ஒத்த உப்பு உண்டு. அதுவே புளிப்பைத் தணிக்கிறது. கடும் வெயிலிலோ மாடு மூச்சிரைக்கிறது. உமிழ்நீர் வெளியே ஒழுகி வீணாகிறது. வைக்கோலை ஒதுக்குவதால் அசை போடுதலும் குறைகிறது. பால் குறைகிறதே என்று உடையவர் மாவுத் தீவனத்தைக் கூட்டுகிறார். புளிப்பு மேலும் ஏறுகிறது. நல்லெண்ணத்தால் விளையும் கேடு இது!

கலப்புத் தீவனம் 100 கிலோவுக்கு 1 கிலோ வரை சமையல் சோடா சேர்க்கலாம். நாளொன்றுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுக்கலாம். கால்நடைக்கெனத் தயாரிக்கப்படும் உயிருள்ள ஈஸ்ட் தூள், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்குத் துணைபுரிகிறது. ஆனால் எல்லா மாடுகளிலும் ஒரே பலன் தருவதில்லை. கால்நடை மருத்துவரைக் கலந்தே வாங்குக. தீவனத்தை ஒரே நாளில் மாற்றலாகாது. நுண்ணுயிர்கள் பழகுவதற்கு இரண்டு வாரமேனும் வேண்டும்.

நிழலும் நீருமின்றி நிற்கும் மாட்டிற்கு இவற்றை ஊட்டுவது வீண் செலவே. பொதுத் தொட்டியில் நண்பகலில் நீர் உள்ளதா என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் நேரில் சென்று பார்த்தல் வேண்டும். சென்ற கோடையில் நாம் கண்ட தொட்டிகளில் சில வறண்டு கிடந்தன. வைக்கோல் செரிக்கையில் உடல் சூடேறுமாதலால், அதை விடியற்காலையிலும் இரவிலும் இடுக.