படைவீரர் ஓய்வூதியமும் வருமான வரியும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலே, திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் ஆகிய ஊர்ப்புறங்களிலிருந்து இராணுவத்தில் சேர்ந்து பணியாற்றியோர் பலர். அவர்களுள் சிலர் காலையோ கண்ணையோ செவிப்புலனையோ இழந்து, பணிக்காலம் நிறைவெய்துமுன்னரே வீடு திரும்பியவர்கள். அவர்கள் பெறும் ஓய்வூதியத்தின் மீது வருமான வரி உண்டா? மாணவ நண்பர்களே, கேட்பதற்குக் கணக்கர் கேள்வி போலத் தோன்றினும், அதனுள்ளே ஒரு நீதி அடங்கியிருக்கிறது. அதனையே இன்று விளக்க விரும்புகிறேன்.

ஓய்வூதியத்தை நம் முன்னோர் ‘உபகாரச் சம்பளம்’ என்று வழங்கினர். யாரோ இரங்கித் தரும் கொடை என்ற பொருள் அச்சொல்லிலே தொனிக்கிறது. ஆனால் அது கொடை அன்று. முன்னர்ச் செய்த உழைப்புக்குப் பின்னர்த் தரப்பெறும் ஊதியமே என்று 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் தெளிவுறுத்தியது. ஊதியம் எனில் வரியும் உண்டன்றோ? எனவேதான் சாதாரண ஓய்வூதியத்தைச் சம்பளத்தோடு ஒன்றாகவே வரிச் சட்டம் எண்ணுகிறது.

உடல் ஊனத்திற்காகத் தரப்பெறும் ஓய்வூதியமோ வேறு வகையைச் சார்ந்தது. வைகைப் பாசனத்தில் பயிரிடும் உழவர் ஒருவர் நெல் விற்றுப் பணம் பெறுகிறார், அது வருமானம். அவருடைய உழவுமாடு இடி விழுந்து இறக்க, அதற்கு ஈடாக ஒரு தொகை பெறுகிறார். அது வருமானம் ஆகுமா? இழந்ததில் ஒரு பங்கு திரும்பி வந்தது என்பதன்றி, அவரிடம் புதிதாகச் சேர்ந்த செல்வம் யாதும் இல்லை. மாட்டுக்கே இவ்வாறெனில், மனிதன் இழந்த காலுக்கு என் சொல்வது! ஒரு கையால் ஈடு தந்துவிட்டு, மறு கையால் அதில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொள்வது முறையாகாது.

இக்கருத்து நம் நாட்டுச் சட்டத்தில் நெடுங்காலமாக இடம் பெற்றுள்ளது. முதல் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில், 1922 மார்ச்சில் வெளியான அறிவிக்கை ஒன்று படைவீரர்களின் ஊன ஓய்வூதியத்திற்கு வரி விலக்கு அளித்தது. 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வந்த பின்னரும் அவ்விலக்கு தொடர்ந்தது.

இவ்வோய்வூதியம் இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று பணிக்குரிய பகுதி. மற்றொன்று ஊனத்திற்குரிய பகுதி. 2006 முதல் நடைமுறைக்கு வந்த கணக்கின்படி, பணிப்பகுதி கடைசி ஊதியத்தில் பாதி. ஊனம் நூற்றுக்கு நூறு எனில் ஊனப்பகுதி கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. ஊனம் குறைந்தால் தொகையும் குறையும். பணிப்பகுதி ஊதியத்தின் எச்சமே ஆதலால் அதற்கு வரி உண்டு என்று சிலர் கருதக்கூடும். அஃது அன்று, இரண்டு பகுதிகளுக்குமே விலக்கு உண்டு என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2001 ஜூலையில் விளக்கம் அளித்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை அறியலாம். கடைசி ஊதியம் ரூ.40,000 பெற்ற வீரர் ஒருவர் ஓய்வூதியக் கணக்கில் 50 விழுக்காடாகக் கொள்ளப்பட்ட ஊனத்தோடு பணியினின்று விடுவிக்கப்பட்டார் எனக் கொள்வோம். பணிப்பகுதி ரூ.20,000, ஊனப்பகுதி ரூ.6,000, அகவிலை நிவாரணம் நீங்கலாக, ஓராண்டுக்கு ரூ.3,12,000. அவர் பின்னர் வங்கியொன்றில் அலுவலராகி ஆண்டுக்கு ரூ.11,00,000 சம்பளம் பெறுகிறார். விலக்கு இருப்பதால் சம்பளம் மட்டுமே கணக்கில் வரும். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி அவர் செலுத்த வேண்டிய வரி ஏதும் இல்லை. அறியாமையால் இரண்டையும் கூட்டி ரூ.14,12,000 என்று எழுதிக் கொடுத்தாரேல், நிலைக்கழிவு போக, மேல்வரி உட்பட ரூ.83,772 செலுத்த நேரிடும். ஒரு வரியில் நேர்ந்த பிழைக்கு இத்தனை பெரிய விலை!

பணியினின்று இடையிலேயே விடுவிக்கப்பட்டோர் நிலை இது. ஊனமுற்ற பின்னரும் பணியில் தொடர்ந்து, உரிய காலத்தில் ஓய்வு பெற்றவர்களின் நிலை யாது? அவர்களுக்கு வரி விலக்கு இல்லை என்று 2019 ஜூனில் வாரியம் சுற்றறிக்கை வெளியிட்டது. முன்னாள் வீரர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவ்வாண்டு ஆகஸ்டில், இருந்த நிலையே நீடிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. பணியிற் தொடர்ந்தவர் முழுச் சம்பளமும் பதவி உயர்வும் பெற்றாரே என்பது ஒரு சாராரின் வாதம். ஊனத்தோடும் உழைத்தவனுக்கு, உழைத்த காரணத்தாலேயே சலுகை குறைவதா என்பது மறு சாராரின் வினா. என் உள்ளம் பின்னவர் பக்கமே சாய்கிறது. பணியிற் தொடர்ந்ததால் இழந்த கால் மீண்டும் முளைத்துவிடவில்லை அல்லவா?

இவ்வனைத்திற்கும் அடிப்படை, ஊனம் பணியால் விளைந்தது அல்லது பணியால் மிகுந்தது என்னும் முடிவே. அதனை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? சேரும்போது மருத்துவர் குறை எதனையும் குறித்திராவிடில், வீரர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் வந்த நோய் பணியால் வந்ததன்று எனில், அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. 2013 இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. ஓய்வூதியம் மறுக்கப்பட்டோர் முறையிடுவதற்கு, 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது.

மாணவர்களே, உங்கள் தெருவிலோ உறவிலோ இத்தகைய பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருடைய ஓய்வூதிய ஆணையை வாங்கிப் பொறுமையோடு படித்துப் பாருங்கள். ஊனப்பகுதி என்று தனியே ஒரு தொகை குறிக்கப்பட்டுள்ளதா? விடுவிக்கப்பட்டதற்குக் காரணம் என்னவென எழுதப்பட்டுள்ளது? மருத்துவக் குழுவின் அறிக்கை பத்திரமாக உள்ளதா? ஐயம் எழுந்தால், அவரை மதுரையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வரி செலுத்துவது குடிமகன் கடமை. செலுத்த வேண்டாததைச் செலுத்தாதிருப்பது அவனுடைய உரிமை. இரண்டையும் பிரித்தறிய உதவுவது கற்றவர் கடன்.