சுருக்குப்பையை ஒரு மாதம் இறுக்கிப் பார்ப்போமா?



குழுக் கூட்டத்தில் சந்தா வாங்கும்போது நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "சனிக்கிழமை கூலி வாங்கினேன். செவ்வாக்கிழமை பாத்தா கையில ஒண்ணுமில்ல. எங்க போச்சுன்னே தெரியலக்கா."

பணம் திருட்டுப் போகவில்லை. பெரிய செலவும் செய்யவில்லை. பத்தும் இருபதுமாகப் போய்விட்டது.

குழுவில் நாம் ரொக்கப் புத்தகம் எழுதுகிறோம், பேரேடு எழுதுகிறோம், தீர்மான நோட்டு வைத்திருக்கிறோம். ஒரு ரூபாய் இடித்தால்கூட விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்து கணக்கைச் சரிசெய்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட கிடையாது. இதைப் பேசித்தான் எங்கள் குழுவில் பன்னிரண்டு பேரும் புரட்டாசி மாதத்தைச் "சிக்கன மாதம்" என்று வைத்துக்கொண்டோம். முதல் தடவை தோற்றுப்போனோம். அடுத்த வருஷம் ஓரளவு ஜெயித்தோம். இரண்டையும் ஒளிக்காமல் இங்கே சொல்கிறோம்.

ஏன் புரட்டாசி?

புரட்டாசியில் நிறைய வீடுகளில் கறி, மீன் எடுப்பதில்லை. கல்யாணம் காட்சி அதிகம் இருக்காது, அதனால் மொய்ச் செலவும் குறைவு. அடுத்து வருவது ஐப்பசி, தீபாவளி. தீபாவளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருவரும் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். பல வீடுகளில் கடன்தான்.

ஐந்து வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கினால் மாதம் 250 ரூபாய் வட்டி. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை ஆறு மாதத்துக்கு 1,500 ரூபாய். அப்போதும் அசல் 5,000 அப்படியே நிற்கும். முறுக்கும் அதிரசமும் மூன்று நாளில் தீர்ந்துவிடும், வட்டி மட்டும் சித்திரை வரைக்கும் வாசலில் வந்து நிற்கும். தீபாவளிக்கு முந்தின மாதமே கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் அந்தக் கடனில் பாதியாவது குறையும் அல்லவா?

கிறிஸ்தவச் சகோதரிகள் தவக்காலத்தில் செய்யலாம். இஸ்லாமியச் சகோதரிகள் பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்னால் செய்யலாம். எந்த மாதமானாலும் சரி, ஒரு பெரிய செலவுக்கு முந்தின மாதமாக இருக்கட்டும்.

முதல் தடவை நாங்கள் செய்த தப்பு

சிக்கனம் என்றதும் நாங்கள் முதலில் கை வைத்தது எங்கள் வயிற்றில்தான். முட்டையைப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் வைத்துவிட்டு நாங்கள் ஊறுகாயோடு பழைய கஞ்சி குடித்தோம். ஒருவர் மருந்துக் கடையில் முழு மாத்திரை வாங்காமல் பாதி வாங்கினார். மூன்றாவது வாரம் களையெடுக்கும்போது எங்கள் உறுப்பினர் ஒருவர் மயங்கி விழுந்தார். டவுனில் குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட்டதில் 700 ரூபாய் ஆனது, இரண்டு நாள் கூலியும் போனது. அவர் அதுவரை மிச்சம் பிடித்தது 450 ரூபாய்!

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது நம் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்தால், உங்களுக்கு இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு இருக்கலாம். நாம் சாப்பிடுகிற கீரையையும் முட்டையையும் குறைத்து வருகிற காசு சேமிப்பு ஆகாது.

இரண்டாவது தப்பு, மிச்சம் பிடித்த காசை எடுத்து வைக்காதது. 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! போய்வர 20 ரூபாய் மிச்சம் என்றோம். அந்த 20 ரூபாய் இப்போது எங்கே? தனியாக எடுத்து வைக்காததால் அது வேறு செலவில் கரைந்துவிட்டது. சிக்கன மாதத்திலும் அதுவே நடந்தது. டீயைக் குறைத்த காசு மிக்சருக்குப் போனது. மாசக் கடைசியில் "மிச்சம் பிடிச்சோம்" என்று எல்லோரும் சொன்னோம், காட்டச் சொன்னால் கையில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் தடவை எப்படிச் செய்தோம்?

முதல் வாரம் எதையும் குறைக்கவில்லை, எழுத மட்டும் செய்தோம். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அன்றைய செலவை எழுதினோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எழுத ஆள் இல்லாத ஒரு அக்கா, பத்து ரூபாய் செலவானால் டம்ளரில் ஒரு புளியங்கொட்டை போட்டார். கடைக்கு ஒரு டம்ளர், வேலைக்குப் போகிற இடத்துக்கு ஒரு டம்ளர் என்று பிரித்தும் வைத்தார்! எங்கள் நோட்டைவிட அவர் கணக்குச் சுத்தமாக இருந்தது.

ஒரு வாரம் எழுதியதிலேயே கண் திறந்தது. வேலை இடத்தில் டீ, வடை 20 ரூபாய் என்றால் 25 நாளைக்கு 500. இரண்டு பிள்ளைகளுக்கு ஐந்து ரூபாய்ப் பாக்கெட் ஆளுக்கு ஒன்று, தினம் 10 ரூபாய், மாதம் 300. வெற்றிலை பாக்கு தனி. செல்போனுக்கு நடுவில் போடுகிற சின்ன ரீசார்ஜ் தனி. தவணைக்காரர் சைக்கிளிலும் டி.வி.எஸ்.ஸிலும் கொண்டுவருகிற புடவையும் பாத்திரமும் பெரிய செலவு. வாரம் 50 என்று சொன்னால் சின்னதாகத் தெரிகிறது, எத்தனை வாரம் என்று நாம் கேட்பதில்லை. தவணை விலையைக் கூட்டிப் பார்த்து, டவுன் கடை விலையைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, செலவை மூன்றாகப் பிரித்தோம்.

தொடக்கூடாதது: சாப்பாடு, மருந்து, பிள்ளைகளின் படிப்பு, மாதவிலக்குக்கு வேண்டியது, குழுச் சந்தா, கடன் தவணை.

குறைக்கலாம்: வேலை இடத்து டீ வடை, ரீசார்ஜ், கடைப் பலகாரம். வடைக்குப் பதில் வீட்டிலிருந்து சுண்டலோ வேர்க்கடலையோ கொண்டுபோனோம். பாக்கெட் வாங்காத நாளில் பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை செய்து கொடுத்தோம். ரேஷனில் பருப்பும் பாமாயிலும் போடுகிற நாளை ஒருவருக்கொருவர் சொல்லி வைத்தோம். அந்த நாளைத் தவறவிட்டால் வெளிக்கடையில் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த மாதம் வேண்டாம்: புதுத் தவணை, புதுப் புடவை, கவரிங் நகை, பிளாஸ்டிக் சாமான். வாங்கவே கூடாது என்று இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தோம். மாதம் முடிந்து பார்த்தபோது பாதிக்கு மேல் வேண்டாம் என்று நாங்களே அடித்துவிட்டோம்.

பாக்கெட் சாமான் பற்றி ஒரு வார்த்தை. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழக்கத்துக்கு முன்னோடி நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். கூலி வேலை செய்பவரும் வாங்கட்டும் என்று வந்த வழி அது. "பாக்கெட்னாலே நஷ்டம்" என்று சிலர் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. ஷாம்புவில் சிலசமயம் பாட்டிலைவிடப் பாக்கெட்டே மலிவு. டீத்தூள், மசாலாத்தூள், எண்ணெயில் பெரிய பாக்கெட் மலிவாக இருக்கலாம். பாக்கெட்டில் கிராமும் மில்லியும் போட்டிருக்கும், அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பெரியதாக வாங்கிப் பிரித்தும் கொள்ளலாம்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

வீட்டுக்காரரின் பீடி, டீ, சாராயச் செலவு அப்படியே இருக்க, நாம் மட்டும் பூவையும் வெற்றிலையையும் நிறுத்தினால் என்ன மிச்சமாகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நோட்டைக் காட்டிப் பேசியதில் சில வீடுகளில் நல்லது நடந்தது. ஒரு வீட்டில் அவரே தினம் 20 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். இன்னொரு வீட்டில் "என் காசுக்கு நீ கணக்குக் கேக்குறியா?" என்று சண்டை வந்தது. அப்படிப்பட்ட வீட்டில் நோட்டைக் காட்ட வேண்டாம். தன் கையில் வருகிற காசுக்கு மட்டும் கணக்கு எழுதி, நோட்டைக் குழுவிலேயே வைத்துக்கொள்ளட்டும். நோட்டு எழுதினால் குடி நின்றுவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அடி உதை இருந்தால் தனியாகச் சமாளிக்க வேண்டாம், குழுவிடமோ கூட்டமைப்பிடமோ சொல்லுங்கள்.

மிச்சக் காசு எங்கே போக வேண்டும்?

இந்த முறை அன்றன்றைய மிச்சத்தை அன்றே மண் உண்டியலில் போட்டோம். வாரக் கூட்டத்தில் எண்ணி, சந்தாவோடு கலக்காமல் "சிறப்புச் சேமிப்பு" என்று தனியாகப் பாஸ் புத்தகத்தில் எழுதினோம். தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஆர்.டி. போடலாம், ஆனால் அது ஐந்து வருஷக் கணக்கு. தீபாவளிக்கு வேண்டும் என்றால் குழுவில் இருப்பதுதான் தோது.

மாதக் கடைசியில் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து 7,640 ரூபாய் இருந்தது. அதிகமாகச் சேர்த்தவர் 1,150 ரூபாய். குறைவாகச் சேர்த்தவர் 180 ரூபாய்.

அந்த 180 ரூபாய்க்கார அக்கா கூட்டத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் இல்லாமல் தனியாகக் குடும்பத்தைப் பார்க்கிறவர். அவர் நோட்டை எல்லோரும் பார்த்தோம். அதில் குறைக்க ஒன்றுமே இல்லை. டீ இல்லை, வடை இல்லை, பூ இல்லை. ஆனால் ஒரு வரி மட்டும் எங்களை நிறுத்தியது: "வட்டி 400". பிள்ளை காய்ச்சலில் படுத்தபோது 8,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார். வெட்கத்தில் குழுவில் சொல்லவே இல்லை.

அன்றே தீர்மானம் எழுதி, எங்கள் உள்கடனிலிருந்து ஒரு வட்டிக்கு 8,000 ரூபாய் கொடுத்து அந்தக் கடனை அடைத்தோம். இப்போது அவருக்கு முதல் மாத வட்டி 80 ரூபாய்தான். அசல் குறையக் குறைய அதுவும் குறையும். ஒரு வாய்ச் சோறு குறைக்காமல் மாதம் 320 ரூபாய் மிச்சம்! "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றோம். "நீங்க என்ன நெனப்பீங்களோன்னுதான்" என்றார். எங்களுக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

சகோதரிகளே, வருமானமே குறைவாக இருக்கிறவரிடம் போய்ச் சிக்கனம் பேசக்கூடாது. அவருக்கு வேண்டியது குறைந்த வட்டிக் கடன், ஒரு ஆடு வாங்கவோ இட்லிக் கடை போடவோ உதவி. யாருக்குச் சிக்கனம் வேண்டும், யாருக்குக் கடன் வேண்டும் என்பதை எங்களுக்குக் காட்டியது அந்த 40 பக்க நோட்டுதான்.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நம் குழுவுக்கு எந்த மாதம் தோது? எந்தச் செலவுக்காகச் சேர்க்கப் போகிறோம்?
2. முதல் வாரம் குறைக்காமல் எழுத மட்டும் செய்ய எல்லோருக்கும் சம்மதமா? எழுதத் தெரியாதவருக்கு யார் துணை?
3. மிச்சக் காசைத் தனியாக எழுத யார் பொறுப்பு?
4. வெளியில் அதிக வட்டிக்கு வாங்கி, சொல்லாமல் இருப்பவர் யாராவது உண்டா? கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஊக்குநரிடம் தனியாகச் சொல்லலாம்.

யார் அதிகம் சேர்த்தார் என்று போட்டி வைக்காதீர்கள். போட்டி என்று வந்தால் மறுபடியும் நாம் கை வைப்பது நம் சாப்பாட்டுத் தட்டில்தான். மாதம் முடிந்ததும் உங்கள் குழுவில் என்ன நடந்தது என்று கூட்டமைப்புக்கு எழுதுங்கள். தோற்றிருந்தாலும் எழுதுங்கள், எங்களைப் போல.