கிட்டப்பா இருந்திருந்தால்...

நம்மவர்கள் கூடும் இடங்களில் பழைய பாட்டுப் பேச்சு வந்தால், பெரியவர் ஒருவர் "கிட்டப்பா மட்டும் இருந்திருந்தால்!" என்று ஆரம்பிப்பார். பாக்கியை அவரவர் இஷ்டப்படி முடித்துக் கொள்வார்கள். "பாகவதர் தலையெடுத்திருக்கவே முடியாது" என்பார் ஒருவர். "சினிமாவுக்கே அவர்தான் ராஜா" என்பார் இன்னொருவர். நான் சங்கீத வித்வான் அல்ல, ரயில்வேயில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்த்தே பழகியவன். அதே முறையில் இந்தக் கேள்வியையும் கொஞ்சம் பார்க்கலாமே என்று தோன்றியது.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சில வரிகள். எஸ்.ஜி. கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25 அன்று செங்கோட்டையில் பிறந்தார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். அந்த ஊரிலிருந்து மலையைக் குடைந்து புனலூருக்கு ரயில் பாதை போட்டது 1904இல்தான். சிறு வயதிலேயே நாடக மேடை ஏறினார். அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிக்க, தமிழ்நாடும் இலங்கையும் அவர் பாட்டில் மயங்கிக் கிடந்தன. கொழும்பில் சந்தித்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளை 1927இல் மணந்து கொண்டார். கிட்டப்பாவுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. பிறகு சுந்தராம்பாளோடு மனக்கசப்பு, பிரிவு. 1933 டிசம்பர் 2 அன்று காலமானார். வயது 27.

இனி குரலைப் பற்றிப் பார்ப்போம். நம் வாஷி ஸ்டேஷனில் ஒலிபெருக்கி ஒருநாள் வேலை செய்யவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் நின்று கத்துபவர் குரல் மறுகோடிக்குக் கேட்குமா? திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைந்து போகும். அதுவும் தாழ்ந்த ஒலிகள் நம் காதில் மந்தமாக விழும், உயர்ந்த ஒலிகள் கூர்மையாக விழும். ஆகவே மைக் இல்லாத கொட்டகையில், கடைசியில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டுமானால் ஸ்ருதியை ஏற்றிப் பாடுவது தவிர வேறு வழியில்லை. இன்றைய கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டித்தான் பாடுகிறார்கள். அந்த ஷட்ஜம் வினாடிக்கு ஏறக்குறைய 130 அதிர்வு. ஐந்து கட்டை என்றால் 196. அதாவது ஒரு கட்டைக்காரர் பஞ்சமம் என்று தொடும் இடம் ஐந்து கட்டைக்காரருக்குப் புறப்படும் இடம்! நாடக நடிகர்கள் நாலு, ஐந்து கட்டையில் நின்றது ஆடம்பரத்துக்காக அல்ல, பிழைப்புக்காக. (பழைய இசைத்தட்டை வைத்து "இத்தனை கட்டை" என்று பந்தயம் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தட்டு சுழலும் வேகம் 6 சதவீதம் கூடினால் ஸ்ருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஜாக்கிரதை.)

கிட்டப்பாவின் அருமை, அந்த உயரத்திலும் அவர் கத்தவில்லை என்பது. பிருகா ஒவ்வொன்றும் உடையாமல் வரும். கொட்டகைக்கென்றே அமைந்த குரல் அது. அப்படிப்பட்ட கொட்டகை இனி எத்தனை நாள் இருக்கப் போகிறது என்பதுதான் அன்றைய பிரச்னை.

அதை மாற்றியது நம் பம்பாய்தான். 1931 மார்ச்சில் "ஆலம் ஆரா", அக்டோபர் 31 அன்று தமிழ்ப் பாட்டும் வசனமும் கொண்ட "காளிதாஸ்", இரண்டையும் எடுத்தவர் இங்கே ஸ்டூடியோ வைத்திருந்த அர்தேஷிர் இரானி. கிட்டப்பா போய் ஒரு மாதம் ஆவதற்குள் 1934 பிறந்தது. அந்த வருடமே "பவளக்கொடி" மூலம் எம்.கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தார். கிட்டப்பாவுக்கு நாலு வயது இளையவர்.

பேசும்படம் வந்த பிறகும் உயிரோடு இருந்த நாடகப் பாடகர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு மராட்டிய மேடையைப் பார்த்தால் போதும். வாஷியில் விஷ்ணுதாஸ் பாவே பெயரில் நாடக அரங்கம் இருப்பது நமக்குத் தெரியும். அவர் 1843இல் தொடங்கி வைத்த மராட்டி நாடகத்தின் சிகரம் பால கந்தர்வர். பெண் வேஷத்தில் அவர் பாடினால் ஊரே கிறுகிறுக்கும். சாந்தாராம் இயக்கத்தில் 1935இல் "தர்மாத்மா" படத்தில் ஏகநாதராக நடித்தார். திரை அவருக்கு ஒட்டவில்லை. மறுபடி மேடைக்கே திரும்பினார், கடனில் கஷ்டப்பட்டார். பத்மபூஷண் கிடைத்தது, பழைய கூட்டம் கிடைக்கவில்லை. 1967இல் காலமானார். இன்னொருவர் தீனநாத் மங்கேஷ்கர். கணீரென்ற மேடைக் குரல். படத் தொழிலில் இறங்கி நொடித்துப் போய், 1942இல் 41 வயதில் மறைந்தார். அவர் மகள் லதா அதே வருடம் சினிமாவுக்கு வந்து, மைக்குக்காகவே பிறந்தது போன்ற மெல்லிய குரலால் நாட்டை ஆண்டார். அப்பா குரல் கொட்டகைக்கு, மகள் குரல் மைக்குக்கு!

நம் பக்கத்தில் பாகவதரையே எடுத்துக் கொள்ளுங்கள். 1944இல் "ஹரிதாஸ்" உச்சம். அந்த வருடக் கடைசியிலேயே லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் கைது, 1947இல் விடுதலை. பழைய மவுசு திரும்பவில்லை. வழக்குதான் அவரைக் கவிழ்த்தது என்பார்கள். பாதிதான் உண்மை என்பது என் அபிப்பிராயம். பின்னணிப் பாட்டு வந்துவிட்ட பிறகு, பாடத் தெரிந்தவர்தான் நடிக்க வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. 1952இல் "பராசக்தி"யில் சிவாஜி கணேசன் வசனம் பேசினார், பாட்டுக்கு சி.எஸ். ஜெயராமன் இருந்தார்.

ஆகவே என் கணக்கு இது. கிட்டப்பா இருந்திருந்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் சினிமாவில் கொடிகட்டிப் பறந்திருப்பார். பாகவதருக்கும் இடம் இருந்திருக்கும், கொஞ்சம் தள்ளி. நாற்பது வயதில் திரை கைவிட்டிருக்கும். ஆனால் கதி கெட்டிருக்க மாட்டார். 1938இல் சென்னை வானொலி வந்தது, 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. சாகித்தியமும் ஞானமும் உள்ளவர், ஸ்ருதியை இரண்டு கட்டை இறக்கிக் கொண்டு கச்சேரி மேடையில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கச்சேரிகள்தான் நமக்குப் போன நஷ்டம் என்று நினைக்கிறேன், சினிமா அல்ல. இன்று அவர் பாட்டு என்று நம்மிடம் இருப்பதெல்லாம் பக்கத்துக்கு மூன்று நிமிடத் தட்டுகள். அரை மணி நேரம் ஒரு ராகத்தை அவர் எப்படி விரித்திருப்பார் என்பதைக் கேட்க வழியே இல்லை.

கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. கணவர் போனபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைப் புடவை கட்டிக் கொண்டார். எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதனால்தான் 1935இல் "பக்த நந்தனா"ரில் அவரே நந்தனார் வேஷம் கட்டினார், லட்ச ரூபாய் சம்பளத்தில். 1953இல் ஔவையார். அவர் உயிரோடு இருந்து, இருவரும் சமாதானமாகி, சேர்ந்து படங்களில் நடித்திருந்தால் நந்தனாரும் ஔவையும் நமக்குக் கிடைத்திருப்பார்களா? அந்த அம்மாளுக்குக் கணவர் வேண்டுமா ஔவை வேண்டுமா என்று கேட்டிருந்தால் எதைச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. "இருந்திருந்தால்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

இருவர் பாட்டும் இப்போது கைபேசியிலேயே கிடைக்கின்றன. முதலில் கிட்டப்பாவின் "எவரனி" கேளுங்கள், தேவாமிருதவர்ஷிணி ராகத்தில் தியாகராஜர் கீர்த்தனை. பிறகு ஔவையார் படப் பாட்டுகள். ஒலி கொஞ்சம் கரகரவென்று இருக்கும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, சத்தத்தைச் சற்றுக் குறைத்து வைத்து, இரண்டு தடவை போடுங்கள்.