‘பிறப்பில் ஆணா, பெண்ணா?’ திருநர் சமூகத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி ஏன் பிரச்னையாகிறது?

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை. திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு, தண்டையார்பேட்டை என வடசென்னையின் எத்தனையோ குடும்பங்களுக்குப் பழகிய வாசல் இது. பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருக்கும் பாட்டி கேட்கும் முதல் கேள்வி, "என்ன குழந்தைம்மா?" உள்ளேயிருந்து வரும் பதில் ஒரே வார்த்தைதான். ஆம்பளப்புள்ள, இல்லன்னா பொம்பளப்புள்ள.

குழந்தையின் உடலைப் பார்த்துச் சொல்லும் அந்த வார்த்தை, 21 நாட்களுக்குள் பிறப்புப் பதிவேட்டில் ஏறும். அப்புறம் பள்ளிச் சான்றிதழ், ஆதார், வாக்காளர் அட்டை எல்லாத்துலயும் அதுவே தொடரும்.

இதைத்தான் ‘பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம்’ என்கிறார்கள். ‘குறிக்கப்பட்ட’ என்ற சொல் முக்கியம். குறித்தது வேறொருவர், குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை, அந்தக் குறிப்பு தவறாகவும் இருக்கலாம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ‘ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறியவர்’ என்று செய்திகளில் எழுதுவதைத் திருநங்கைகள் பலர் ஏற்காததற்கும் இதுதான் காரணம். நான் மாறவில்லை, அன்று எழுதியதுதான் தப்பு என்பது அவர்கள் வாதம்.

ஆனால், தப்பைச் சுட்டிக்காட்ட வந்த இதே சொல் இப்போது வேறொரு வேலையும் பார்க்கிறது என்பதுதான் சிக்கல்.

எங்கிருந்து வந்தது?

பிறந்த குழந்தைக்குப் பாலினத்தை மருத்துவர்கள் ‘முடிவு செய்வது’ என்ற பேச்சு, 1950-களில் அமெரிக்காவில் ஊடுபால் குழந்தைகளைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் பரவியது. ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறப்பவர்களே ஊடுபால் குழந்தைகள். அவர்கள் விஷயத்தில் அது வெறும் குறிப்பு இல்லை. கத்தி வைத்த முடிவு. ஒரு பாலினத்தைத் தீர்மானித்து, அதற்கேற்ப அறுவை சிகிச்சையும் செய்துவிடுவார்கள்.

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதில் தலையிட்டது. திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு அது. இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அதே தீர்ப்பில், ஊடுபால் குழந்தைகளுக்கு இப்படி அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டார். உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர மற்ற நேரங்களில் கூடாது என்று தமிழக அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் ஆணை போட்டது. இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் தமிழ்நாடுதான்.

சொல் திரும்பிய கதை

‘பிறப்பில் ஆண் என்று குறிக்கப்பட்டவர்’ என்பது நீளமான வாக்கியம். புழங்கப் புழங்கத் தேய்ந்து, ‘பிறப்பில் ஆண்’ என்று நின்றுவிடுகிறது. ‘குறிக்கப்பட்ட’ போனதும் அர்த்தமே தலைகீழாகிறது. நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்ன தொடர், ஆளின் இயல்பையே சொல்லும் தொடராகிவிடுகிறது.

இதை வெளியாட்கள் மட்டும் செய்வதில்லை. திருநர் சமூகத்துக்குள்ளும், ‘பிறப்பில் ஆண் என்றால் இப்படித்தான் நடந்துகொள்வார்கள்’, ‘பிறப்பில் பெண் என்றால் இவ்வளவுதான் கஷ்டம்’ என்ற அளவுகோல் புழங்குகிறது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தன்னை அடைக்காதவரிடம்கூட, "அது சரி, பிறப்பில் என்ன?" என்று கேட்கப்படுகிறது. பழைய பதிவேடு வேறு வழியாகத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

தமிழகத்தில் இதன் அழுத்தத்தை அதிகம் உணர்பவர்கள் திருநம்பிகள். வீட்டைவிட்டு வந்த திருநங்கைகளுக்கு குரு, சேலா, நானி என்ற உறவுமுறைகளோடு ஜமாத் அமைப்பு காலங்காலமாகக் கை கொடுத்திருக்கிறது. சோறு, கூரை, அடிபட்டால் வந்து நிற்க ஆள் என்று எல்லாமே அதன் வழியாகக் கிடைத்திருக்கிறது. ஆனால், அது ஆண் என்று குறிக்கப்பட்டவர்களைச் சுற்றியே உருவான அமைப்பு. வீட்டைவிட்டு வரும் திருநம்பிக்கு அப்படி ஒரு பழைய கதவு இல்லை. பெண் என்று வளர்க்கப்பட்டதால், வீட்டிலேயே அடைத்து வைப்பது, கட்டாயக் கல்யாணம் போன்றவை அவருக்குத் தனி ஆபத்து. வெளியே வர முடிந்தாலும், "நீ பொண்ணுதானே" என்ற பேச்சு கூடவே வரும்.

திருநங்கைகளுக்குள்ளும் படிநிலை உண்டு. அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை ‘நிர்வாணம்’ ஆனவர் என்றும், செய்யாதவரை ‘அக்வா’ என்றும் சமூக வழக்கில் பிரிப்பார்கள். முன்னவருக்கு மரியாதை கூடுதல். பணமோ உடல்நிலையோ இடம் கொடுக்காதவர், அல்லது வேண்டாம் என்று முடிவெடுத்தவர் ‘முழுசா ஆகாதவர்’ ஆகிவிடுகிறார். இங்கேயும் அளவுகோல் உடல்தான்.

அப்போ இந்தச் சொல்லே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. திருநம்பிக்கு வீட்டில் நடக்கும் கொடுமையைப் பேச, அவர் எப்படி வளர்க்கப்பட்டார் என்று சொல்லியாக வேண்டும். அங்கே இந்தத் தொடர் தேவை. நடந்ததைச் சொல்லப் பயன்படுத்தினால் சரி, ஆளை வகைப்படுத்தப் பயன்படுத்தினால்தான் தவறு.

மருத்துவமனையில் என்ன செய்வது என்பார்கள். உண்மையில் அங்கேதான் இந்தச் சொல் பெரிதாகக் கை கொடுப்பதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை, கர்ப்பப்பை வாய் இருக்கிற எல்லோருக்கும் தேவை. அதில் திருநம்பிகளும் உண்டு. ‘பெண்கள் மட்டும்’ என்று போர்டு வைத்தால் அவர் வரமாட்டார். ‘பிறப்பில் பெண்’ என்று எழுதினாலும் விஷயம் தெளிவாகாது, ஏனென்றால் கர்ப்பப்பை அகற்றப்பட்ட திருநம்பிகளும் இருக்கிறார்கள். அதேபோல, ஹார்மோன் எடுக்கும் திருநங்கையின் ரத்தப் பரிசோதனையைப் பிறப்புச் சான்றிதழை வைத்து மட்டும் படித்தால் தப்பாகலாம். இன்று உடலில் என்ன இருக்கிறது, என்ன மருந்து எடுக்கிறார் என்று நேராகக் கேட்பதுதான் டாக்டருக்கு உதவும்.

சட்டமும் குழம்பியது

2014 ஏப்ரல் 15-ல் வந்த நால்சா தீர்ப்பில், பாலினத்தை முடிவு செய்ய உடலியல் சோதனை வேண்டாம், ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பதே முக்கியம் என்றது உச்ச நீதிமன்றம். அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்றும் சொன்னது. ஆனால், 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இரண்டு படி வைத்தது. ‘திருநர்’ என்ற சான்றிதழ் வாங்க ஒரு விண்ணப்பம். ஆண் அல்லது பெண் என்று மாற்ற, அறுவை சிகிச்சை செய்ததற்கான மருத்துவச் சான்றோடு இன்னொரு விண்ணப்பம். இரண்டையும் தரவேண்டியவர் மாவட்ட ஆட்சியர். துறைமுகத்தை ஒட்டி ராஜாஜி சாலையில் இருக்கும் சிங்காரவேலர் மாளிகைதான் சென்னைக்கு ஆட்சியர் அலுவலகம். ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் எழுதப்பட்ட ஒரு வார்த்தையை மாற்ற, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த அலுவலகத்தின் கையெழுத்து வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது?

தமிழகம் 2008-ல் நல வாரியம் அமைத்தபோது அதன் பெயர் ‘அரவாணிகள் நல வாரியம்’. கூவாகம் அரவான் கதையிலிருந்து வந்த சொல் அது. பிறகு ‘திருநங்கை’ நிலைத்தது. ஏப்ரல் 15 இங்கே திருநங்கையர் தினம். கேலிச் சொற்களுக்கு நடுவே அது கொடுத்த மரியாதை சாதாரணமில்லை. ஆனால் நங்கை என்றால் பெண். நம்பிகளையும், இரண்டிலும் சேராதவர்களையும் அந்தச் சொல் கணக்கில் எடுக்காது. ‘மூன்றாம் பாலினம்’ என்றாலோ, நான் பெண், எனக்கு எதற்கு மூன்றாம் இடம் என்று கேட்கும் திருநங்கைகள் உண்டு. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக ‘திருநர்’ என்ற சொல் பரவுகிறது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கைத் தொடர்ந்து, பாலினச் சிறுபான்மையினருக்கான தமிழ்ச் சொற்பட்டியலை அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. அந்தப் பட்டியல் ஊடகங்களுக்கும் பொருந்தும், இந்தக் கட்டுரைக்கும்தான்.

ஒரு விஷயத்தில் தமிழ் கொஞ்சம் வசதியான மொழி. ‘அவர்’ என்றால் ஆணா பெண்ணா என்று சொல்லவே வேண்டியதில்லை. தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் வந்து உட்காருபவரிடம் ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ என்று சொல்ல, அவர் பிறந்தபோது நர்ஸ் என்ன சொன்னார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. அக்காவா அண்ணாவா என்று சந்தேகம் வந்தால் பேரைக் கேட்கலாம்.