மாரிக்காலமும் மனைவாழ் ஜந்துக்களும்

மேனாட்டு நூல்களில் பனிக்காலத்தைப் பற்றி வாசிக்குங்கால், பூச்சி புழுக்கள் குளிருக்கஞ்சி, உயிர்த்தொழில்களை ஒடுக்கிக்கொண்டு, மரப்பட்டையிலும் மண்ணிலும் மாதக்கணக்காய் உறங்கிக் கிடக்கும் என்று காண்கிறோம். செம்பரம்பாக்கத்திலோ மார்கழி விடியலிலும் வெப்பம் 20 பாகைக்கு மிகத் தாழ்வதில்லை. இவ்வூர்க் கரப்பான் உறங்கவேண்டிய அவசியமே இல்லை. நம் பிரதேசத்துப் பிராணிகளுக்கு அக்காலத்துச் சத்துரு ஐப்பசி கார்த்திகை மழையே. குளிருக்குத் தப்புகிறவை உறங்கும். நீருக்குத் தப்புகிறவை ஓடும். ஓடிவந்து சேருமிடம் நம் வீடு.

செம்பரம்பாக்கத்து ஏரி 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. வடகிழக்குப் பருவமழையால் அது நிறையும் நாட்களில், சுற்றுவட்டாரத்து வயல்வரப்புகளில் எலிகள் தோண்டிய வளைகளும் நீரால் நிறைகின்றன. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் இவ்வேரியினின்று வினாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டபோது, ஆற்றங்கரைகளில் மனிதரே மாடியேறித் தப்பினர், எலி என்செய்யும்? நெற்கதிர்களை வளையிற் சேமிக்கும் குணமுள்ள வரப்பெலி, சேமிப்பை வெள்ளத்திற் பறிகொடுத்த பின்னர் நம் அரிசிப்பானையை நாடுவதில் வியப்பில்லை.

எலி அரிசியைத் தின்பது சிறு நஷ்டம். அதன் சிறுநீரில் வெளிப்படும் ஒருவகை நுண்கிருமி, தேங்கிய நீரிற் கலந்து, வெறுங்காலோடு நடப்பவரின் வெடிப்புகளிலும் புண்களிலும் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். அஃது ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையும் வாங்கவல்லது. மேலும், எலி சென்ற வழியே பாம்பும் வரும். இரவில் உலாவும் கட்டுவிரியன் தரையிற் படுத்துறங்குவோரைத் தீண்டுவதுண்டு. அக்கடி பெரும்பாலும் வலிப்பதில்லையாதலால், வயிற்றுவலி என்றெண்ணி வீட்டிலேயே இருந்து, மூச்சடைத்து மாண்டவர் பலர். ஐயம் தோன்றிய கணமே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். விஷமுறிவு மருந்து செய்வோர்க்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர், 1978-இல் தொடங்கப்பெற்று வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். மண்சட்டியில் வைக்கோற் புகை மூட்டி, அதை வளைக்குள் ஊதி, வயலெலியைப் பிடிக்கும் வித்தையிலும் இருளர் வல்லவர். நஞ்சு வைப்பதினும் அது மேலென்பது நம் அபிப்பிராயம். நஞ்சுண்ட எலி எட்டாத மூலையிற் செத்து நாறும், அதைத் தின்ற ஆந்தையும் சாகும்.

வீட்டினுள் எலி புகாமற் காப்பதற்குத் துளையை அடைப்பதே தலையாய உபாயம். பென்சில் நுழையுமளவு சந்து சுண்டெலிக்குப் போதும். கந்தைத் துணியால் அடைப்பது வீண். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்வதால், அது கொறித்தே தீரவேண்டும். உடைந்த கண்ணாடித்துண்டு கலந்த சிமெண்டுக் காரையும், சாக்கடை வாய்க்கு இரும்புவலையும் வேண்டும். கதவின் அடியிடைவெளிக்குத் தகடு தைக்கலாம். மழைமாதங்களில் கட்டிலிற் படுத்துக் கொசுவலையின் ஓரத்தைப் பாயின்கீழ்ச் செருகிக்கொள்வது பாம்புக்கும் காவல்.

கொசுவின் தந்திரம் இதனினும் நுட்பமானது. டெங்குவைப் பரப்பும் ஏடீஸ் கொசு, பாத்திரத்தில் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை நீரின்றி உலர்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுமழை நனைத்தவுடன் பொரியும். ஆகவே தொட்டி நீரைக் கொட்டினாற் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாரினால் அழுந்தத் தேய்க்க வேண்டும். இதைச் செய்வோர் சிலரே.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் உழைக்கும் வாலிபர் ஓரறையிற் பலராய்த் தங்குவர். அவர்கள் சாமான் வைக்கக் கொண்டுவரும் அட்டைப்பெட்டிகளின் மடிப்புகளில் கரப்பான் தன் முட்டைக்கூட்டை ஒட்டியிருத்தல் கூடும். பெரிய கரப்பானின் கூடு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 15 குஞ்சுகள் வெளிப்படும். கூட்டின் ஓடு கடினமாதலால் தெளிமருந்து உள்ளே செல்வதரிது. மரத்திலும் இவ்வபாயம் உண்டென்றே, பிற தேசங்களுக்கு அனுப்பும் சரக்கின் மரச்சட்டங்களை, நடுமரம் 56 பாகைச் சூட்டில் 30 நிமிஷம் இருக்குமாறு வெப்பமூட்ட வேண்டுமென 2002-இல் சர்வதேச விதி வகுத்தனர். நம் அறைக்கு அவ்விதி இல்லை. பெட்டியை வெளியிலேயே பிரித்து எறிவது நலம்.

கறையானின் கதை தனிக்கட்டுரைக்குரியது. மழை விட்ட மாலையில் ஈசல் பறப்பது, அண்மையில் எங்கோ புற்று முதிர்ந்ததற்கு அடையாளம். பொரியோடு வறுத்துண்ணும் கிராமத்தார்க்கு அது விருந்து; சுவரோரம் மண்குழாய் கண்ட வீட்டுக்காரர்க்கோ, நிலையையும் புத்தக அலமாரியையும் உடனே சோதிக்கும்படி வந்த அறிவிப்பு.

அரிசிவண்டு வெளியிலிருந்தே வரவேண்டுவதில்லை. மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுத் துளையை மூடிவிடுவதால், நாம் வாங்கும் மூட்டையோடே வந்துவிடும். தானியத்தில் ஈரம் நூற்றுக்கு 9 பங்கிற்குக் குறைந்தால் அதன் பெருக்கம் தடைப்படும். வசம்பும் வேப்பிலையும் ஓரளவு உதவுமேனும் வெயிலுக்கு ஈடாகா. மழை தொடங்கிய பின் உலர்த்துவது இயலாதாகையால், புரட்டாசி வெயிலிலேயே காயவைத்து, ஆறியபின் தகரக்குவளையில் இறுக மூடிவைத்தல் வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து மீண்டும் ஈரம் ஏறும்.