செல்லப் பிராணிகளுக்கு மருத்துவக் காப்பீடு: கையெழுத்திடும் முன்

சென்ற ஆண்டு ஜூன் மாதம், செம்பூர்க் கிளையின் நகைக்கடன் பிரிவில் தாராவியைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு வளையல்களை எடுத்து வைத்தார். விண்ணப்பத்தில் கடனின் நோக்கம் ‘மருத்துவச் செலவு’ என்றிருந்தது. வீட்டில் யாருக்கு உடல்நலமில்லை என்று வினவினோம். சற்றுத் தயங்கி, “நாய்க்குத்தான் சார்” என்றார். மாம்பழக் கொட்டை ஒன்றை விழுங்கி, அது குடலை அடைத்து, அறுவை சிகிச்சை வரை போயிருந்தது. கடன் அன்றே வழங்கப்பட்டது. புறப்படும்போது அவர் கேட்டார்: “இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் உண்டா சார்?”

உண்டு. ஆனால் எல்லா பாலிசிகளும் அவர் நினைத்த பொருளில் மருத்துவக் காப்பீடு அல்ல. இதனை விளக்க, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நம் நாட்டின் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் கறவை மாடுகளுக்கு நெடுங்காலமாகக் காப்பீடு வழங்கி வருகின்றன. நாய்களுக்கான பழைய பாலிசிகளும் ஏறக்குறைய அதே அச்சில் வார்க்கப்பட்டவை. விபத்தாலோ நோயாலோ பிராணி இறந்தால், அதன் சந்தை மதிப்பை ஈடுசெய்வதே அவற்றின் அடிப்படை நோக்கம். மாடு பிழைப்புக்கான முதலீடு என்பதால் அக்கணக்கு அதற்குப் பொருந்தும். வீட்டு நாய்க்கோ, இறந்தபின் வரும் தொகையைவிட, பிழைக்க வைக்கும் தொகையே தேவை. மேலும், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்குச் சந்தை மதிப்பு என்று எதைச் சொல்வது? சுவீடனில் 1924ஆம் ஆண்டிலேயே வளர்ப்பு நாய்களுக்குக் காப்பீடு தொடங்கிவிட்டது. இந்தியாவிலோ அறுவை சிகிச்சை, மருத்துவமனைச் செலவு ஆகியவற்றை முதன்மைப்படுத்தும் பாலிசிகள் 2020ஆம் ஆண்டு முதல்தான் பரவலாகப் பேசப்பட்டன. அவற்றுள் நாட்டு நாய்களையும் ஏற்பவை உள்ளன.

ஆகவே, விளம்பரத் தாளை எடுத்ததும் பார்க்க வேண்டியது பிரீமியத்தை அன்று. எந்தப் பிரிவு அடிப்படைப் பாதுகாப்பில் அடங்குகிறது, எது கூடுதல் கட்டணத்திற்குரியது என்பதையே. இறப்பு, திருட்டு, காணாமற் போதல், பிறரைக் கடித்தால் எழும் சட்டப் பொறுப்பு, வெளிநோயாளி மருத்துவம் எனப் பிரிவுகள் பலவாக இருக்கும். மாதுங்காவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஒரே மின்தூக்கியில் குழந்தைகளும் நாய்களும் செல்லும் நிலையில், சட்டப் பொறுப்புப் பிரிவு வீண் செலவன்று என்பது நம் கருத்து.

அடுத்து, கையில் வரும் தொகை. எடுத்துக்காட்டாக, மருத்துவமனைக் கட்டணம் ரூ.40,000 என்று கொள்வோம். அதில் ரூ.8,000 வெளிநோயாளிப் பரிசோதனைகளுக்கானது. பாலிசியில் அப்பிரிவு இல்லை. எஞ்சிய ரூ.32,000இல், அறுவை சிகிச்சைக்கான உச்சவரம்பு ரூ.30,000 மட்டுமே. அதிலும் 10 விழுக்காடு வாடிக்கையாளரின் பங்கு என்றிருந்தால், கிடைப்பது ரூ.27,000, கைப்பொறுப்பு ரூ.13,000. இது மோசமான பாலிசி அன்று. ஆனால் ‘முழுச் செலவும் கிடைக்கும்’ என்று எண்ணியிருந்தவருக்கு அந்த ரூ.13,000 பேரிடியாகவே தோன்றும்.

விலக்குகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம், காரணம் இருக்கிறது. மாதுங்காவில் வசிக்கும் வேறொரு வாடிக்கையாளரின் லாப்ரடார், மழைநீர் தேங்கிய வளாகத்தில் நடந்த சில நாள்களில் எலிக்காய்ச்சல் கண்டு இறந்தது. பாலிசி நடப்பில் இருந்தது, பிரீமியமும் தவறவில்லை. ஆயினும் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தடுப்பூசி அட்டையில் அந்நோய்க்கான ஆண்டுத் தவணை நான்கு மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. தடுப்பூசியால் தவிர்க்கத்தக்க நோய்கள், உரிய காலத்தில் ஊசி போடப்படாவிடில் விலக்கப்படும் என்பது இத்தகைய பாலிசிகளில் வழக்கமாகக் காணப்படும் நிபந்தனை. அவர் அந்தப் பக்கத்தைப் படித்ததே நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான். மும்பையில் வாழ்பவர்கள் மழைக்காலத்திற்கு முன், மே மாதத்திலேயே அந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பாலிசி தொடங்கியதும் சில நாள்கள் காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் வரும் நோய்க்கு இழப்பீடு இல்லை. முன்பே இருந்த நோய்களும் பிறவிக் குறைபாடுகளும் பெரும்பாலும் அடங்கா. வயது வரம்பும் உண்டு. பேரின நாய்களுக்கு அது மேலும் குறுகியது. பத்து வயது நாய்க்குப் புதிதாகக் காப்பீடு தேடி அலைவதில் பயனில்லை.

உடைமைக்குச் சான்றும் தேவை. தாராவியின் சந்துகளில் ஒரு நாய்க்கு நான்கு வீடுகள் சோறிடும். நான்கு வீட்டாரும் அதைத் ‘எங்கள் நாய்’ என்பர். பாசத்தில் அது உண்மை. காப்பீட்டில் உரிமையாளர் ஒருவர் வேண்டும். நாய் வளர்ப்போர் மாநகராட்சியின் உரிமம் பெறுவது கட்டாயம். அதுவே நல்ல சான்றுமாகும். வருமான வரியின் 80டி பிரிவிலோ இந்தப் பிரீமியத்திற்குக் கழிவு இல்லை. நாயைக் குடும்பத்தில் ஒருவராகச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை.

இனி, வளையல்களுடன் வந்தவருக்கு நாம் என்ன சொன்னோம்? வங்கி காப்பீட்டு நிறுவனங்களின் முகவராகவும் செயல்படுகிறது. விற்பனையில் வங்கிக்குத் தரகு உண்டு. இதை அவரிடம் மறைக்கவில்லை. அவருடைய நாய்க்கு வயது ஏழு. ஏற்கெனவே அறுவை சிகிச்சை ஆனது. எனவே பாலிசியைப் பரிந்துரைக்காமல், மாதம் ரூ.500 வீதம் தொடர் வைப்பு தொடங்கச் சொன்னோம். மூன்றாண்டுகளில் அசல் மட்டும் ரூ.18,000, நாய் நலமாக இருந்தால் பணம் அவருடையதே. பரேலில் 1880களிலிருந்து இயங்கும் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனையையும் நினைவூட்டினோம். மாறாக, இளம் நாய் வைத்திருப்பவர்கள், பெரிய தனியார் மருத்துவமனைகளையே நாடுபவர்கள், எதிர்பாராத அரை லட்சத்தைத் தாங்க இயலாதவர்கள் ஆகியோருக்குக் காப்பீடு பொருத்தமானது. சேமிப்பு வளர ஆண்டுகள் பிடிக்கும். விபத்து அதற்குள் வந்துவிடலாம்.

பாலிசி எடுத்தவர்கள் தடுப்பூசி அட்டை, உரிமம், நாயின் அண்மைக்கால நிழற்படங்கள், மருத்துவச் சீட்டுகள், மூல ரசீதுகள் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருக்க வேண்டும். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திற்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். மும்பைக்கான அலுவலகம் சாந்தாகுரூஸ் மேற்கில் உள்ளது. கட்டணம் ஏதுமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.